மத்திகையும் மெய்ப்பையும்: உரோமக் குதிரை மறவரும் பழந்தமிழகமும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வரும் உற்றார் உறவினரைத் தவறாமல் அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் ஒன்று குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மன்னர் கட்டுவித்த அம்மாளிகையில், மேல்தளக் கூரையின் கீழே 122 மரக்குதிரைகள் வரிசை வரிசையாகப் பாய்ந்து நிற்கின்றன. மழையும் காயலும் மலையும் நிறைந்த இந்நாடு குதிரை பிறக்கும் நாடன்று. ஆயினும் அரசின் பெருமையைக் காட்ட விரும்பிய சிற்பி, யானையைச் செதுக்காது குதிரையைச் செதுக்கினான். கடல் கடந்து வந்த விலங்கு, காலப்போக்கில் வலிமைக்கே ஓர் அடையாளமாகிவிட்டது.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களை அடுக்கிக் கூறுமிடத்து, கடல்வழி வந்த விரைந்த நடையுடைய குதிரைகளையே முதலில் வைக்கின்றது. குதிரை வந்த கடல் வழியே மனிதரும் வந்தனர். அவரைத் தமிழர் யவனர் என்றனர். அந்த யவனருள் குதிரை மறவர் இருந்தனரா? உரோமப் பேரரசின் புகழ்பெற்ற துணைக் குதிரைப்படைக்கும் நம் முன்னோர்க்கும் யாதேனும் தொடர்பு இருந்ததா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை, நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. வேறோர் இடத்தில் இருக்கின்றது.

முல்லைப்பாட்டில் ஒரு காட்சி

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் இயற்றிய 103 அடிகளைக் கொண்டது. 1889-ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னரே தமிழுலகம் இதனை நன்கறிந்தது. போர்மேற் சென்ற மன்னன் காட்டிடையே அமைத்த பாசறை இப்பாட்டில் நம் கண்முன் விரிகின்றது. அப்பாசறையில் அரசனுக்கெனத் தனியே ஓர் இல்லம் அமைத்துக் காப்பவர் யவனர். அவருடைய தோற்றத்தைப் புலவர் இரண்டு சொற்களால் படம் பிடிக்கின்றார். ஒன்று மத்திகை, மற்றொன்று மெய்ப்பை.

மெய்ப்பை என்பது மெய்யைப் பொதிந்த பை, அஃதாவது சட்டை. வெற்று மார்பும் வீரக்கழலும் கண்டு பழகிய தமிழ்க் கண்களுக்கு, உடலைப் பைக்குள் இட்டது போன்ற உடை புதுமையாகவும் அச்சந் தருவதாகவும் தோன்றியிருத்தல் வேண்டும். மத்திகை என்பதற்கு, 14-ஆம் நூற்றாண்டினரான நச்சினார்க்கினியர் ‘குதிரைச் சம்மட்டி’ என்று உரை கூறினார். சம்மட்டி என்பது ஈண்டுக் கொல்லன் கையிலுள்ள சம்மட்டியன்று. குதிரையை ஓட்டும் சவுக்கு. கிரேக்க மொழியில் சவுக்கிற்கு ‘மாஸ்டிக்ஸ்’ என்று பெயர். மத்திகை என்னும் சொல் அதன் வழி வந்ததே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டான் ஒருவன் வந்தான். அவன் உடையின்மேல் வளைந்து கிடந்தது குதிரைச் சவுக்கு. அப்பொருளோடு அதன் பெயரும் தமிழுக்குள் வந்து சேர்ந்தது. காலாள் வீரனுக்குக் குதிரைச் சவுக்கு எதற்கு? எனவே அவர் குதிரையோடு பழகியவர் என்று கொள்ளுதல் பொருந்தும். ஆனால் அவர் உரோமப் படையினர் என்று அப்பாட்டுச் சொல்லவில்லை. யவனர் என்ற சொல் முதலில் கிரேக்கரைக் குறித்தது. பின்னர் மேற்றிசையிலிருந்து வந்தார் யாவரையும் குறித்தது. ஆதலின் மேலே செல்வதற்கு முன், உரோமத் துணைக் குதிரைப்படை என்பது யாது எனத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

துணைப்படை என்பது யாது?

உரோமப் பெரும்படையான லீஜியனில் உரோமக் குடிமக்களே சேரலாம். அவர்கள் பெரும்பாலும் காலாட்கள். குதிரை ஏற்றத்தில் உரோமர் தலைசிறந்தவர் அல்லர். ஆகவே தாம் வென்ற நாடுகளின் மக்களைத் திரட்டித் துணைப்படைகள் அமைத்தனர். கால் எனப்படும் பிரான்சு நாட்டார், திரேசியர், ஸ்பெயின் நாட்டார், சிரியர் எனப் பல நாட்டவர் அவற்றில் இருந்தனர். அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் இம்முறை ஒழுங்கு பெற்றது.

துணைக் குதிரைப்படைப் பிரிவுக்கு ‘ஆலா’ என்று பெயர். இலத்தீனில் அச்சொல்லுக்குச் சிறகு என்பது பொருள். பெரும்படையின் இரு புறத்தும் சிறகுபோல் நின்றமையின் இப்பெயர் வந்தது. ஓர் ஆலாவில் ஏறத்தாழ 500 குதிரை வீரர். அவர்கள் ‘துர்மா’ எனப்படும் 16 சிறு குழுக்களாகப் பிரிந்து நிற்பர். சில பெரிய ஆலாக்களில் ஏறத்தாழ 1000 பேர் இருந்தனர். காலாட்களோடு சில குதிரை வீரரும் கலந்த ‘கோஹார்ட்’ என்னும் பிரிவுகளும் இருந்தன.

இவ்வீரர் 25 ஆண்டுகள் பணி புரிதல் வேண்டும். பணி முடித்தவனுக்கு உரோமக் குடியுரிமை கிடைக்கும். அதற்குச் சான்றாக இரு வெண்கலத் தகடுகளைப் பிணைத்த பட்டயம் ஒன்றும் அவன் பெறலாம். கால் நூற்றாண்டு தன் நாட்டை விட்டு நீங்கி, பிறர் மொழியில் ஆணை கேட்டு, பிறர் எல்லையைக் காத்தவனுக்கு இறுதியில் கிடைத்த பேறு அது.

பிரிட்டனில் கால்செஸ்டர் என்னும் ஊரில் 1928-இல் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. லாங்கினஸ் ஸ்தாபெசே என்ற குதிரை வீரனுடையது அது. அவன் பிறந்தது இன்றைய பல்கேரியாவின் சோபியா நகரப் பகுதியில், இறந்தது பிரிட்டனில், வயது 40, பணியாற்றிய ஆண்டுகள் 15. கல்லில் அவன் குதிரைமீது கவசத்துடன் வீற்றிருக்கின்றான். சிலையின் முகம் உடைந்து காணாமற் போயிருந்தது. 1996-இல் அதே இடத்தில் அம்முகமும் கிடைத்துப் பொருத்தப்பெற்றது. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தி வெறுங் கல்லின் செய்தியாகத் தோன்றாது.

படைக்கலமும் சேணமும்

இனி, அவ்வீரனின் கருவிகளைக் காண்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோசிபஸ் என்னும் யூத வரலாற்றாசிரியர், உரோமக் குதிரை வீரரை நேரிற் கண்டு எழுதியிருக்கின்றார். வலப்புறத்தே நீண்ட வாள். கையில் நெடிய வேல். குதிரையின் விலாப்புறத்தே சாய்வாகத் தொங்கும் கேடகம். தூணியில் மூன்றோ அதற்கு மேலோ அகன்ற முனையுடைய எறிவேல்கள். தலையிற் சீரா, மார்பிற் கவசம்: இவை அவர் தரும் பட்டியல்.

இவற்றுள் வாள் தனிச் சிறப்புடையது. காலாள் வீரனின் குறுவாள் நெருங்கி நின்று குத்துவதற்கு உரியது. குதிரைமேலிருப்பவன் கீழே நிற்பவனை எட்டி வெட்டுதல் வேண்டும். ஆதலின் அவன் வாள் நீண்டது. அதற்கு ‘ஸ்பாதா’ என்று பெயர். கேடகமும் காலாளினுடையதைப் போல் வளைந்த பெரும்பலகையன்று. தட்டையாய், முட்டை வடிவினதாகவோ அறுகோணமாகவோ அமைந்தது. சிறு இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய கவசத்தையும், மீன் செதில் போல் தகடுகளை அடுக்கிய கவசத்தையும் அணிந்தனர். தலைச்சீரா செவியையும் மூடியது. கைகலந்த போரில் எப்புறத்திருந்தும் வெட்டு விழும் என்பதே இதற்குக் காரணம்.

மிக வியக்கத்தக்கது அவர்தம் சேணம். அக்காலத்து உரோமரிடம் அங்கவடி இல்லை. காலூன்ற இடமின்றி, கவசம் பூண்டு, வாள் வீசி, கீழே விழாதிருப்பது எங்ஙனம்? சேணத்தின் நான்கு மூலைகளிலும் கொம்புபோல் எழுந்த நான்கு திண்டுகளை அமைத்தனர். முன்னிரண்டு தொடையை அணைத்துக்கொள்ளும். பின்னிரண்டு இடுப்பைத் தாங்கும். நடுகற்களிலும், மண்ணுள் கிடைத்த தோற்பகுதிகளிலும், கொம்புகளுக்கு உள்ளே வைத்த வெண்கலத் தகடுகளிலும் இதன் வடிவம் தெரிகின்றது. 1980-களில் பீட்டர் கான்னலி என்னும் ஆங்கிலேய அறிஞர் அத்தகைய சேணத்தைச் செய்து குதிரைமீது இட்டு ஆராய்ந்தார். அங்கவடி இன்றியே வீரன் உறுதியாக வீற்றிருந்து போர் செய்யலாம் என்பது அதனால் விளங்கியது.

அக்குதிரைகளும் இன்று நாம் பந்தயத்திற் காணும் உயர்ந்த குதிரைகள் அல்ல. தோளளவில் நாலரை அடி உயரமே உள்ளவை பல. குளம்பில் ஆணி அறைந்த இலாடம் பெருவழக்காய் இருக்கவில்லை. வேண்டியபொழுது கட்டி அவிழ்க்கும் இரும்பு மிதியடிகள் உண்டு. கடிவாளமோ கடுமையானது, விரைந்தோடும் குதிரையை நொடியில் நிறுத்த வல்லது.

ஊதியத்திற்கு ஏற்பக் கருவியும் வேறுபட்டது. கி.பி. 128-இல் ஹேட்ரியன் பேரரசர் ஆப்பிரிக்காவில் லம்பேசிஸ் என்னுமிடத்தில் படைகளின் பயிற்சியைக் கண்டு ஆற்றிய உரை கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஆலாவின் ஆட்டத்தைக் கண்டபின் கோஹார்ட்டின் குதிரை வீரர் கண்ணுக்கு நிறைவளிப்பது அரிது என்றும், அவர்தம் குதிரையும் படைக்கலமும் ஊதியத்தின் அளவினவே என்றும் அவர் கூறி, அக்குறையைத் தம் ஊக்கத்தால் வென்றமைக்காக அவ்வீரரைப் பாராட்டினார்.

இரு நாட்டுக் குதிரையையும் எழுதிய ஒருவர்

கி.பி. 136-ஐ ஒட்டி ஆரியன் என்னும் உரோம ஆளுநர் குதிரைப்படைப் பயிற்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பொன்முலாம் பூசிய முகமூடிச் சீராவும் மஞ்சள் நிறக் குஞ்சமும் அணிந்து, இரும்பு முனையில்லா எறிவேல்களை வீசி வீரர் ஆடும் விளையாட்டை அதில் விரிவாக வருணிக்கின்றார். அத்தகைய முகமூடிச் சீரா ஒன்று இங்கிலாந்தின் ரிப்செஸ்டரில் 1796-இல் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

இதே ஆரியனே ‘இண்டிகா’ என்னும் நூலையும் எழுதியவர். அலெக்சாந்தர் காலத்துக் குறிப்புகளைக் கொண்டு, இந்தியக் குதிரை வீரரின் கருவிகளையும் அதில் கூறுகின்றார். இந்திய வீரன் இரண்டு எறிவேல்களும் காலாளினுடையதைவிடச் சிறிய கேடகமும் ஏந்துவான். குதிரைக்குச் சேணம் இல்லை. வாயைச் சுற்றிப் பச்சைத்தோலால் தைத்த பட்டையும், அதன் உட்புறத்தே மழுங்கிய வெண்கல, இரும்பு முட்களும் உண்டு. செல்வர் வீட்டுக் குதிரைக்கு யானைத்தந்த முட்கள். இது வடநாட்டுச் செய்தியே. தமிழகத்திற்கு அப்படியே பொருத்திக் கூறலாகாது. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. உரோமர் அங்கவடியை அறியாதிருந்த காலத்தே, சாஞ்சிச் சிற்பங்களிற் குதிரைமேல் இருப்போர், கால் பெருவிரலை நுழைக்கும் கயிற்று வளையத்தைக் கொண்டிருந்தனர் என அறிஞர் காட்டுவர். இருவரும் ஒருவரிடம் இல்லாததை மற்றொருவர் உடையராய் இருந்தனர்.

முசிறியில் உரோமப் படை இருந்ததா?

இனி நம் நாட்டிற்கு வருவோம். பியூட்டிங்கர் படம் என வழங்கும் பழைய உரோமப் பயணப் படத்தில் முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோவில் ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. இதனைக் கண்ட வரலாற்றாசிரியர் சிலர், அக்கோவிலைக் காக்க இரண்டு கோஹார்ட் உரோமப் படை முசிறியில் தங்கியிருந்தது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினர். அது பல நூல்களில் ஏறி, மேடைப் பேச்சிலும் இடம் பெற்றது. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால் அதற்குச் சான்று எங்கே?

கோவிலைப் படம் காட்டுகின்றது, படையைக் காட்டவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து இயங்கிய கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல், முசிறியின் பகுதி எனப் பலரும் கருதும் பட்டணம் என்னும் ஊரில் அகழ்வாராய்ச்சி நடத்தியது. மது வந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகள், மணிகள், கண்ணாடிப் பொருள்கள் முதலியன அங்கே மிகுதியாகக் கிடைத்தன. அவை யாவும் வாணிகத்தின் அடையாளங்கள். உரோமக் கோட்டையோ படைவீடோ அங்கு இருந்ததெனக் கொள்ளத்தக்க சான்று எதுவும் வெளிப்படவில்லை.

அவ்வாறாயின் படைவீரர் எவரும் இக்கடலில் வரவே இல்லையோ? வந்தனர். கடற்கொள்ளைக்காரர் அச்சம் மிகுதியாதலின், இந்தியாவிற்குச் செல்லும் கப்பல்களில் வில்வீரர் படை ஏற்றப்பட்டது என்று பிளினி எழுதியுள்ளார். கப்பலில் வந்தவர் வில்லாளர். குதிரை மறவர் அல்லர். பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிணித்துக் கையைப் பின்புறம் கட்டித் தலையில் நெய் பெய்தான் என்று கூறுகின்றது. சேர மன்னனோடு மாறுபட்டால் யவனர்க்கும் அதுவே கதி. சிலப்பதிகாரத்திலோ மதுரைக் கோட்டை வாயிலைக் காப்பவர் வாளேந்திய யவனர். இவற்றால் அறியத்தகுவது யாது? உரோமன் இங்கு ஆள வந்தவன் அல்லன். விற்க வந்தான், வாங்க வந்தான். சிலபோது தமிழ் மன்னனிடம் ஊதியம் பெற்று வாயில் காத்தான். முல்லைப்பாட்டின் யவனரும் நம் மன்னனின் பாசறையைக் காத்தவரே. தமிழ் வேந்தனுக்கு அவரே துணைப்படை!

மிளகைக் காத்த குதிரை

உரோமத் துணைக் குதிரைப்படைக்கும் தமிழகத்திற்கும் உண்மையான தொடர்பு முசிறியில் இல்லை; எகிப்திய பாலைவனத்தில் இருக்கின்றது.

முசிறியில் மிளகு ஏற்றிய கப்பல் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே அல்லது மயோஸ் ஹார்மோஸ் துறையை அடையும். ஆங்கிருந்து சரக்கு ஒட்டகத்தின்மேல் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து, நைல் ஆற்றங்கரையிலுள்ள கோப்டோஸ் நகர் சேரும். பெரெனிகேயிலிருந்து கோப்டோஸுக்கு 12 நாள் வழி. இவ்வழிகளில் கிணறுகளோடு கூடிய சிறு காவற்கோட்டைகளை உரோமர் அமைத்தனர். அங்கே காவல் நின்றவர் துணைப்படையினர். அவருள் குதிரை வீரர் இன்றியமையாதவர்.

1990-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இக்கோட்டைகளின் குப்பைமேடுகளில் எழுத்துப் பொறித்த ஓட்டுச் சில்லுகளைத் தோண்டி எடுத்தனர். குரோகோடிலோ என்னும் கோட்டையில் கிடைத்த சில்லுகள், கடிதங்களை ஒரு கோட்டையிலிருந்து மறு கோட்டைக்குக் குதிரை வீரர் எவ்வாறு கொண்டு சென்றனர் என்பதைக் காட்டுகின்றன. கி.பி. 118-இல் பாலைவனக் கொள்ளையர் 60 பேர் ஒரு காவற்கோட்டையைத் தாக்கிய செய்தியும், அதனைப் பற்றி ஒரு குதிரை வீரன் அனுப்பிய அறிக்கையும் அவற்றுள் உள்ளன. நீண்ட வாளும் நெடுவேலும் நாற்கொம்புச் சேணமும் அங்கே எதைக் காத்தன? வழியை, கிணற்றை, அவ்வழி சென்ற சரக்கை. அச்சரக்கில் சேரநாட்டு மிளகும் இருந்தது.

வியன்னா நகரில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கின்றது. 1985-இல் அச்சில் வெளிவந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு முசிறி வாணிகத்திற்கான கடனைப் பற்றிய ஒப்பந்தம். ஹெர்மபோலோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கும் அதில் உண்டு. சரக்கைப் பாலைவன வழியே காவலோடும் பாதுகாப்போடும் கோப்டோஸில் உள்ள சுங்கக் கிடங்கிற் சேர்ப்பேன் என்று கடன் பெற்றவன் உறுதி கூறுகின்றான். முசிறியின் பெயரும் பாலைவழிக் காவலும் ஒரே ஏட்டில் நிற்கின்றன. இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

நாணயத்தில் ஒரு கேடகம்

மற்றொரு சான்று நம் கைக்கே வந்தது. கொங்கு நாடு முதலிய இடங்களில் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகை, அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் ஒரு புறத்தில் அவர் மக்களாகக் கொண்ட கேயஸ், லூசியஸ் என்னும் இரு இளைஞர் நிற்கின்றனர். அவர்கள் இடையே இரு கேடகங்களும் இரு வேல்களும் உள்ளன. உரோமக் குதிரைக் குலத்தார் அவ்விளைஞரைத் தம் தலைவராகக் கொண்டு, வெள்ளிக் கேடகமும் வெள்ளி வேலும் அளித்துப் பாராட்டியதை நினைவூட்டும் சின்னம் அது. அகஸ்டஸ் தம் ஆட்சிக் குறிப்பிலும் இதனைக் கூறியுள்ளார். குதிரை வீரனின் கேடகத்தையும் வேலையும் நம் முன்னோர் போர்க்களத்திற் காணவில்லை. மிளகுக்கும் மணிக்கும் ஈடாகப் பெற்ற காசில், உள்ளங்கையில் வைத்துக் கண்டனர்.

நாம் கொள்ள வேண்டுவது

ஆக, நாம் கண்ட முடிபு இது. உரோமக் குதிரைப்படை சேரநாட்டு மண்ணை மிதித்தது என்று கூறச் சான்றில்லை. ஆனால் சேரநாட்டு மிளகு அப்படை காத்த வழியில் சென்றது. அவர்தம் சவுக்கின் பெயர் நம் பாட்டில் ஏறியது. அவர்தம் கேடகத்தின் உருவம் நம் மண்ணிற் புதைந்தது. பொய்யான பெருமையைவிட இம்மெய்யான பெருமை சிறிதும் தாழ்ந்ததன்று.

நம் பிள்ளைகளுக்கு வரலாறு கூறும்பொழுது இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வெளிநாட்டுப் படை வந்து தங்கியதால் நம் துறைமுகம் பெருமை பெற்றது என்று சொல்வது, நம்மை நாமே தாழ்த்துவதாகும். படையின்றி, பண்டத்தாலும் சொல்லாலும் உலகை இழுத்தது முசிறி. பிறர் நம் பழமையை ஆராயுமுன் நாமே அதனைச் சலித்துப் பதரை நீக்கிக்கொண்டால், எஞ்சிய நெல்மணியை எவரும் மறுக்க இயலாது.

இன்னொரு செய்தியும் உண்டு. மயோஸ் ஹார்மோஸ் இருந்த இடமான குசெய்ர் அல்-காதிமில், ‘கணன்’ எனவும் ‘சாதன்’ எனவும் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகேயின் கோவிலொன்றில் இந்தியாவிற் செய்த சாடியில் 7.5 கிலோ அளவு மிளகு அப்படியே இருக்கக் கண்டனர். பாலைவனக் கோட்டையில் திரேசியனும் சிரியனும் காவல் நின்ற நாளில், அவ்வழியின் கடற்கரை முனையில் ஒரு தமிழன் தன் பானையில் தன் பெயரைத் தன் எழுத்தால் எழுதி வைத்திருந்தான். அவன் கையில் வாள் இல்லை. அரசின் பட்டயம் இல்லை. எழுத்தாணி ஒன்றே இருந்தது. லாங்கினஸின் முகத்தை மண்ணிலிருந்து மீட்டுத் தர 68 ஆண்டுகள் ஆயின. கணனுக்கும் சாதனுக்கும் முகமே இல்லை. பெயர் மட்டும் அழியாது நின்றது. அது தமிழில் எழுதப்பட்டிருந்தமையால் தமிழரென்று இன்று அறிகின்றோம்.

முல்லைப்பாட்டு மன்னன், இரவெல்லாம் உறங்காது, அம்பு பாய்ந்து செவி சாய்ந்து உணவு கொள்ளாது வருந்தும் தன் குதிரைகளை எண்ணி நைந்தான் என்று நப்பூதனார் பாடுகின்றார். சேணத்தின் வடிவையும் வாளின் நீளத்தையும் அறிந்துகொள்வது அறிவு. அவற்றைச் சுமந்த உயிரின் துன்பத்தை எண்ணுவது பண்பு. இவ்விரண்டையும் சேர்த்து நமக்கு அளித்த மொழி, இல்லங்களிற் பேசப்பட்டும் எழுதப்பட்டும் வாழ்வதாக. அதன் பொருட்டே வேற்றூரில் ஒரு தமிழ்ச் சங்கம். அதன் பொருட்டே ஆண்டுதோறும் ஒரு விழா.